கொடையின் கணக்கில் சேரி எங்கே?

(மீன்சுருட்டியில் சுவாமி சகஜானந்தர் நினைவாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சகஜானந்தர் 1910-இல் சிதம்பரம் வந்தார். 1916-இல் நந்தனார் பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். நன்கொடையால் எழுந்த அந்தப் பள்ளி பின்னாளில் அரசுப் பள்ளி ஆனது. காட்டுமன்னார்கோயில் சுற்றிலும் நம் பக்கத்துச் சேரிகளிலும் முதல் தலைமுறையாக எழுத்தறிந்த குடும்பங்கள் பலவற்றில் அந்தப் பள்ளியின் பெயர் இன்றும் பேசப்படுகிறது. கொடை கேட்பது அவருக்கு இழிவாகப் படவில்லை. ஆனால் பள்ளியை யார் நடத்துவது, எதற்காக நடத்துவது என்பதை அவர் கொடையாளர் கையில் விடவில்லை. இன்று நான் பேச வந்திருப்பது அந்த வேறுபாட்டைப் பற்றித்தான்.

இப்போது கொடை கேட்கும் இடம் மாறிவிட்டது. முன்பு பெரிய மனிதர் வீட்டுத் திண்ணை, இன்று இணையதளம். தொண்டு நிறுவனத்தையும் அறக்கட்டளையையும் கம்பெனியையும் தனி நன்கொடையாளரையும் சேர்த்து வைப்பதாகச் சொல்லும் தளங்கள் பல வந்திருக்கின்றன. யாருடைய சிபாரிசும் வேண்டாம், சாதி தெரியாது, கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்கிறார்கள். அந்தக் கதவின் அளவைக் கொஞ்சம் பார்ப்போம்.

கண்ணாடிச் சட்டைப்பை யாருக்கு?

இத்தகைய பட்டியல்களின் தாய்வீடு அமெரிக்கா. 1950-களின் தொடக்கத்தில் அங்கே பெரிய அறக்கட்டளைகள் மீது சந்தேகம் எழுந்தது. நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்தன. அறக்கட்டளைகளின் சட்டைப்பை கண்ணாடியால் ஆனதாக இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் பணம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற பேச்சு அப்போது வந்தது. அந்தச் சூழலில் 1956-இல் நியூயார்க்கில் ஃபவுண்டேஷன் சென்டர் தொடங்கப்பட்டது. எந்த அறக்கட்டளை யாருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்ற விவரத்தை அது திரட்டிப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. 2019-இல் அதுவும் கைட்ஸ்டார் என்ற அமைப்பும் இணைந்து இன்றைய கேண்டிட் ஆகியிருக்கின்றன. தொடக்கத்தில் கணக்குக் காட்ட வேண்டியவர் கொடுப்பவர் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் நாட்டில் இது தலைகீழாகி இருக்கிறது. நிதி ஆயோக் நடத்தும் என்.ஜி.ஓ. தர்பன் தளத்தில் பதிவு செய்ய, சங்கத்தின் பான் எண், பதிவுச் சான்றிதழ், நிர்வாகிகளின் அடையாள விவரங்கள் எல்லாம் தர வேண்டும். அதில் கிடைக்கும் எண் இல்லாமல் வெளிநாட்டு நன்கொடைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. வாங்குபவரின் சட்டைப்பை கண்ணாடியாகிவிட்டது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். கொடுப்பவர் எந்தச் சேரிக்கு ஏன் கொடுத்தார், எதற்கு ஏன் மறுத்தார் என்பதை மட்டும் எந்தத் தளத்திலும் தேட முடிவதில்லை.

கதவின் அளவு

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ஐ மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று நாம் சொல்வது இதைத்தான். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

இந்தப் பணத்தை வாங்கிப் பணி செய்ய விரும்பும் சங்கம், 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தை இணையத்தில் நிரப்பிப் பதிவு எண் பெற வேண்டும். அதற்கு முன் 12ஏ, 80ஜி என்று நாம் அழைத்துப் பழகிய இரண்டு வருமான வரிப் பதிவுகள் வேண்டும். அதே போன்ற பணியில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டுமென்றால், மூன்று ஆண்டு இயங்கியிருப்பதோடு அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்தும் காட்ட வேண்டும். புதிதாக வந்திருக்கும் சமூகப் பங்குச்சந்தையிலோ, பதிவுக்கே முந்தைய ஆண்டில் 50 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும்.

இந்த எண்களை ஒரு சேரியில் நடக்கும் மாலைநேரப் பள்ளியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டம் முடித்த இரண்டு இளைஞர்கள் அம்பேத்கர் மன்றக் கட்டிடத்தில் முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். கரெண்ட் பில்லை ஊரார் கட்டுகிறார்கள். ஆண்டுச் செலவு சில ஆயிரம் ரூபாய். ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் அதைவிட அதிகம். பணம் இருந்தவருக்குத்தான் பணம் கேட்கும் தகுதி என்றால் அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது? சமூகவியலில் இதைச் சமூக மூலதனம் என்போம். ஊர்த்தெருவில் அதற்குப் பெயர் சொந்தபந்தம்: ஆடிட்டர் சித்தப்பா, கம்பெனியில் வேலை பார்க்கும் மாமா, ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதித் தரும் அக்கா. படிவத்தில் சாதிக்குக் கட்டம் இல்லை. நிரப்புவதற்குத் தேவைப்படும் ஒவ்வொன்றிலும் சாதி இருக்கிறது.

பொதுமக்களிடம் நேரடியாக நிதி திரட்டும் மிலாப், கெட்டோ போன்ற தளங்களிலும் இதுதான் நிலை. தளம் ஒரு பக்கத்தை மட்டும் தரும். அந்தப் பக்கத்தை யாருக்கு அனுப்புவது? வாட்ஸ்ஆப்பில் நூறு மென்பொருள் ஊழியர் இருப்பவருக்கு ஒரே இரவில் பணம் சேரும். நூறு நாள் வேலைக்குப் போகும் சொந்தங்கள் மட்டுமே இருப்பவருக்கு மருத்துவமனைக் கெடு முடியும்வரை சேராது.

1932-இல் கேட்ட கேள்வி

கொடை யார் கையில் இருக்க வேண்டும் என்ற விவாதம் நமக்குப் புதிதல்ல. பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு, 1932 செப்டம்பர் இறுதியில், தீண்டாமை ஒழிப்புக்காக ஒரு சங்கம் உருவானது. தலைவர் ஜி.டி. பிர்லா, செயலாளர் ஏ.வி. தக்கர். பின்னாளில் அதுதான் ஹரிஜன் சேவக் சங்கம். அதன் மத்தியக் குழுவில் அம்பேத்கரும் இருந்தார். மூன்றாவது வட்டமேசை மாநாட்டுக்குப் போகும் வழியில், 1932 நவம்பர் 14 அன்று, கப்பலில் இருந்தபடி தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தின் சாரம் இது. தனித்தனி ஆட்களைத் திருத்தி முன்னேற்றும் வேலை ஒன்று இருக்கிறது: பள்ளி, விடுதி, நூலகம், மதுவிலக்கு. மனிதர்களை நசுக்கும் சூழலை மாற்றும் வேலை வேறு: பொதுக்கிணறு, பொதுப்பாதை, பள்ளியில் சமமான இடம், வேலையில் சமமான வாய்ப்பு. சங்கம் இரண்டாவதில் தன் வலிமையைச் செலுத்த வேண்டும், பணியாளர்களை ஒடுக்கப்பட்டவர்களிலிருந்தே எடுக்க வேண்டும் என்றார். அவர் யோசனைகள் ஏற்கப்படவில்லை. விரைவில் அவர் வெளியேறினார். நிர்வாகத்தில் எங்களுக்கு இடம் வேண்டும் என்று பிறகு கேட்டவர்களுக்குக் காந்தியார் தந்த விளக்கம், இது சாதி இந்துக்கள் செய்யும் பரிகாரம், ஆகவே அவர்களே நடத்த வேண்டும் என்பது. கொடுப்பவரின் மனச்சாட்சி நிம்மதியடைந்தால் போதும், வாங்குபவரின் தீர்மானம் தேவையில்லை என்பதே அதன் பொருள். 1945-இல் வெளியான தன் நூலில் அம்பேத்கர் இந்த வரலாற்றை விரிவாகவே எழுதி வைத்தார்.

இன்றைய சி.எஸ்.ஆர். பட்டியலைப் பாருங்கள். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்கிறது. கல்வி, சுகாதாரம், விளையாட்டு, பாரம்பரியச் சின்னங்கள் என்று நீளும். சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கியோர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பது என்று ஒரு வரி உண்டு. பட்டியல் சாதியினர் என்ற சொல், மத்திய அரசு அமைக்கும் நிதிக்குப் பணம் தரும் இடத்தில் மட்டும் வருகிறது. தீண்டாமை என்ற சொல் இல்லை. கண் சிகிச்சை முகாமுக்கும் தையல் மெஷினுக்கும் பணம் கிடைக்கும். வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் போகிறவரின் பஸ் செலவுக்கும், பஞ்சமி நிலத்தின் ஆவணத்தைத் தேடி எடுக்கவும் கிடைக்காது. அம்பேத்கர் சொன்ன முதல் வகை வேலைக்குக் கதவு பாதி திறந்திருக்கிறது. இரண்டாம் வகைக்குப் பூட்டு.

பூட்டைத் திறக்க முயன்றவர்களுக்கு நேர்ந்ததையும் பார்த்தோம். குஜராத்தில் மார்ட்டின் மக்வான் 1989-இல் தொடங்கிய நவசர்ஜன், 1,589 கிராமங்களில் தீண்டாமை எப்படியெல்லாம் நடக்கிறது என்று ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டது. 2016 டிசம்பரில் அதன் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு ரத்தானது. சமூகங்களுக்கு இடையிலான நல்லிணக்கத்தைக் கெடுப்பதாகக் காரணம் சொன்னார்கள். தீண்டாமையைக் கணக்கெடுப்பது நல்லிணக்கத்துக்குக் கேடாம்! 2020 திருத்தம் இன்னொரு வழியையும் அடைத்தது. வெளிநாட்டு நிதி பெறும் ஒரு நிறுவனம் அதை வேறு எந்த அமைப்புக்கும் பிரித்துக் கொடுக்கக் கூடாது. பெரிய நிறுவனத்திடமிருந்து சிறு தொகை வாங்கி வேலை செய்துகொண்டிருந்த சிறு குழுக்களுக்குக் குழாய் அங்கேயே மூடப்பட்டது.

உரிமையும் கொடையும்

மாணவர்களுக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் உள்ள 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்கு. 2022-இல் வந்த விதிமுறை, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு அந்த உதவி கிடையாது என்றது. சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்ய விரும்பும் தலித் மாணவர், இப்போது தன் போட்டோவையும் வறுமையையும் இணையத்தில் போட்டு நிதி திரட்டுகிறார். நேற்று உரிமையாக இருந்தது இன்று உருக்கமான கதையாகிவிட்டது.

மார்செல் மாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-இல் கொடை பற்றி எழுதியதை நம் வகுப்பறைகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். திருப்பித் தர முடியாத கொடை, வாங்கியவரைத் தாழ்த்தி வைக்கும் என்பது அதன் கருத்து. இதை அறிய நமக்குப் பாரீஸ் வேண்டாம், களத்துமேடு போதும். நாள் முழுக்க அறுத்து அடித்தவரின் கூலி நெல்லைப் பண்ணையார் அள்ளிப் போட்டபோது, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து வாங்க வேண்டியிருந்தது. கூலி பிச்சையின் முகத்தோடு வந்தது.

இந்தப் பகுதியில் கொடைக்கு நீண்ட வரலாறு உண்டு. கூப்பிடு தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளும் கொடையாளர் பட்டியல்தானே? கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கில் வரி நீக்கிய பகுதிகள் வரிசையாக வருகின்றன: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு; அவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கொடைக் கணக்கில் நாம் கழிக்கப்பட்ட நிலம். இன்றைய கணக்கில் பயனாளிகளின் எண்ணிக்கை. எழுதியவர் பெயரிலும் முடிவெடுத்தவர் பெயரிலும் நாம் இல்லை.

என்ன செய்யலாம்?

இந்தத் தளங்களை ஒதுக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒதுங்கினால் நம் பெயரில் வேறு யாரோ வாங்குவார்கள். சில வேலைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று. சேரிக்கு ஒரு சங்கம் பதிவு செய்து ஆளுக்கொரு ஆடிட்டரைத் தேடுவதை விட, வட்ட அளவில் ஒரே பொதுச் சங்கத்தைப் பதிவு செய்வோம். கணக்கும் படிவமும் அதன் வேலை. எது தேவை என்று முடிவெடுப்பது ஒவ்வொரு சேரியின் கூட்டம். நிர்வாகத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள்.

இரண்டு. வரவு செலவை ஆங்கிலத்தில் இணையத்தில் ஏற்றும் முன், தமிழில் எழுதி மன்றத்துச் சுவரில் ஒட்டுவோம். நம் சட்டைப்பை முதலில் நம் மக்களுக்குக் கண்ணாடியாக இருக்கட்டும்.

மூன்று. தேடும் கருவியைத் திருப்பிப் பிடிப்போம். அரியலூர் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல்லை எடுத்துத்தான் இங்கே சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. கம்பெனி இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று பிரிவு 135 சொல்கிறது. தங்கள் சி.எஸ்.ஆர். திட்டங்களைக் கம்பெனிகள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மத்திய அரசின் சி.எஸ்.ஆர். தளத்திலும் கம்பெனிவாரியாக விவரம் உண்டு. கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்தால், நம் மாவட்டத்தில் எவ்வளவு செலவானது, அதில் சேரிக்குள் வந்தது எவ்வளவு என்று கணக்கெடுக்கலாம். நவசர்ஜன் கிராமம் கிராமமாகச் செய்த வேலையின் சிறு வடிவம் அது.

நான்கு. பிள்ளைகளின் அழுத முகத்தைக் கொடையாளருக்கு அனுப்ப மாட்டோம். செய்த வேலையின் படத்தை அனுப்புவோம்.

ஐந்து. பேச்சுரிமையைக் காக்கும் பணம் நம் பணமாக இருக்கட்டும். அயோத்திதாசர் 1907-இல் காலணா விலையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அதை வாங்கித் தாங்கினார்கள். வழக்குக்கும் நிலத்துக்கும் எந்தக் கம்பெனியும் தராது என்று தெரிந்த பிறகு, வேலைக்குப் போன ஒவ்வொருவரும் மாதம் நூறு ரூபாய் என்று தொடங்குவதில் என்ன தயக்கம்?

இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று. 2024-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றியது. மக்கள்தொகைக்கு ஏற்ற நிதி என்பது அதன் அடிப்படை. அந்தப் பணம் நாம் கட்டிய வரியில் நமக்குரிய பங்கு. அதைக் கேட்க 12ஏ வேண்டாம், மூன்று ஆண்டு அனுபவம் வேண்டாம், ஆங்கிலத் திட்ட அறிக்கை வேண்டாம். கிராமசபையில் எழுந்து நிற்கும் கால்கள் வேண்டும். கொடையைத் தேடும் உழைப்பில் பாதியையாவது அங்கே செலுத்துவோம்.

கொடுப்பவரை வணங்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். மேசையின் இந்தப் பக்கம் நின்று கை நீட்டியது போதும். முடிவெடுக்கும் பக்கத்தில் நமக்கும் நாற்காலி வேண்டும். வட்டச் சங்கத்துக்கான பெயர்களை இன்றே எழுதத் தொடங்கலாம். நோட்டு தயாராக இருக்கிறது.