மியாவோ மக்கள்: குழலும் ஊசியும் காத்த வரலாறு



தென்சீன மலைகளில் வாழும் மியாவோ மக்களை 'எழுத்தில்லாத கூட்டம்' என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஏடும் எழுத்தாணியும் அவர்களிடம் இல்லை என்பது மெய்தான். அதனால் அவர்களிடம் ஆவணமே இல்லை என்று முடிவுகட்டியதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இன்றைய பேச்சு அந்த ஆவணங்களைப் பற்றியது.

சீன அரசு ஏற்றுக்கொண்ட 56 இனங்களில் மியாவோ ஒன்று. 2020 கணக்கெடுப்பின்படி 1 கோடியே 10 லட்சம் பேர். குய்சோ மாநிலம் அவர்களுடைய இருதயப் பகுதி. ஹூனான், யுன்னான், சிச்சுவான் மாநிலங்களிலும் பரவியிருக்கிறார்கள். வெளியார் இட்ட இந்த ஒற்றைப் பெயருக்குள் ஹ்மு, ஹ்மோங், கோ சியோங், ஆ-ஹ்மாவோ என்று பல கூட்டங்கள் அடக்கம். ஒரு கூட்டத்தின் பேச்சு இன்னொன்றுக்கு விளங்காது.

சீனத் தொன்மத்தில் மஞ்சள் பேரரசரோடு பொருது மாண்ட சியோவைத் தங்கள் மூதாதையாகப் பலர் போற்றுகிறார்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு. அந்தத் தொன்மத்தையும் இந்த மக்களையும் இணைக்கச் சான்று போதாது. உறுதியாகச் சொல்லக்கூடியவை பிற்காலக் கலகங்கள்: 1735இல் ஒன்று, 1795இல் ஒன்று, 1854இல் மூண்டு ஏறத்தாழ இருபது ஆண்டு எரிந்த, சாங் சியூமெய் என்ற தலைவரின் காலத்துக் கிளர்ச்சி. காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. மலைநிலம் பறிபோனது, வரி ஏறியது, குடியேறிகள் வந்தார்கள். ஆட்சிக்கு அடங்கியவர்களைச் 'சமைத்த மியாவோ' என்றும் அடங்காதவர்களைப் 'பச்சை மியாவோ' என்றும் அதிகாரிகள் பதிவேட்டில் பிரித்தார்கள். ஆட்சியாளருக்கு எப்போதும் பசிதான் போலும்! தோற்ற கூட்டங்கள் பல தெற்கே மலைதாண்டி வியட்நாமுக்கும் லாவோசுக்கும் தாய்லாந்துக்கும் போயின. அங்கே அவர்கள் ஹ்மோங்.

இனி ஆவணங்களுக்கு வருகிறேன். கிழக்குக் குய்சோவின் பழம்பாடல்களை இரு தரப்பார் எதிரெதிரே அமர்ந்து பாடுவார்கள். ஒரு தரப்பு கேள்வி தொடுக்கும், மறுதரப்பு விடை சொல்லும். விடை தெரியாவிட்டால் கதை நகராது. கதையின் கருவைப் பாட்டின் எலும்பு என்பார்கள். பாடுவோர் அவ்வப்போது சேர்க்கும் அணிகள் பாட்டின் பூ. பூ மாறலாம், எலும்பு மாறக்கூடாது. வெட்டுண்ட மேப்பிள் மரத்திலிருந்து பிறக்கிறாள் வண்ணத்துப்பூச்சித் தாய். நீர்க்குமிழியோடு கூடிப் பன்னிரண்டு முட்டையிடுகிறாள். அவற்றிலிருந்து மனிதனோடு இடியும் புலியும் நாகமும் எருமையும் வருகின்றன. மனிதனுக்கு இடி உடன்பிறப்பு என்று சொல்கிற படைப்புக்கதை எனக்கு மிகவும் பிடித்தது.

பெண்கள் கைவேலை இரண்டாவது ஆவணம். மூங்கில் பிடியில் செருகிய சிறு செப்புத் தகடுதான் பேனா. உருகிய தேன்மெழுகில் அதைத் தோய்த்து வெள்ளைத் துணியில் கோடிழுப்பார்கள். துணியை அவுரித் தொட்டியில் பலமுறை முக்கியெடுத்துக் கொதிநீரில் போட்டால் மெழுகு கழன்றுவிடும். நீலத்தில் வெள்ளைக் கோடு எஞ்சும். பாவாடையின் பட்டைகளை, முன்னோர் கடந்த மஞ்சள் நதி என்றும் யாங்சி என்றும் காட்டுவார்கள். ஆற்றைக் கடக்கும்போது நூல்கள் தொலைந்தன, பெண்கள் எழுத்தைத் துணியில் தைத்துக்கொண்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

அந்தக் கதை வெறுங்கதையாக நிற்கவில்லை. 1905 வாக்கில் குய்சோவின் ஷிமென்கானில் மெதடிஸ்ட் ஊழியர் சாமுவேல் பொலார்ட், ஆ-ஹ்மாவோ மொழிக்கு எழுத்தமைத்தார். பெரிய மெய்யெழுத்து, அதையொட்டிச் சிறு உயிர்க்குறி. குறி மேலே நிற்கிறதா, பக்கத்தில் நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்பதே தொனியைச் சொல்லும். தொலைந்த எழுத்து திரும்பிவிட்டது என்று மக்கள் அதைக் கொண்டாடினார்கள். 1959இல் லாவோஸ் பகுதியில் ஷோங் லூ யாங் என்ற உழவர் இன்னொரு எழுத்தை உருவாக்கினார். அவருக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. நம் 'கெ', 'கே' போல, பின்னால் ஒலிக்கும் உயிரை அவர் எழுத்து முன்னால் நிறுத்துகிறது. லாவோஸ் உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் அவரை ஐயுற்றன; 1971இல் கொல்லப்பட்டார்.

மூன்றாவது ஆவணத்தைப் பற்றிச் சற்று நீளமாகவே பேச விரும்புகிறேன். ஹ்மோங் மொழியில் ஏழெட்டுத் தொனிகள். தொனி மாறினால் பொருளே மாறும். அவர்களுடைய கெங் என்னும் குழலில் மரக் காற்றறை ஒன்று, அதில் செருகிய ஆறு மூங்கில் குழாய்கள், உள்ளே உலோக நாக்குகள். மூச்சை விட்டாலும் இழுத்தாலும் ஒலிக்கும் என்பதால் இடைவெளியே இல்லை. பேச்சின் தொனிகளைக் குழலின் சுரங்கள் ஏந்திக்கொள்கின்றன. வெளியாருக்கு அது இசை; பயின்றவருக்கோ சொல், வரி, செய்யுள். தீய ஆவிகள் பின்தொடராதபடி குழலூதி சுழன்று சுழன்று வாசிப்பார்.

சாவு வீட்டில்தான் இதன் முழுப் பயன் தெரியும். அங்கே குழலோடு வழிகாட்டுப் பாட்டும் உண்டு. அதைப் பாடுபவர், இறந்தவரை அவர் வாழ்ந்த ஊர்கள் வழியே ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அழைத்துப்போகிறார். இறந்தவர் அந்தந்த ஊரின் தெய்வத்துக்கு நன்றி சொல்லி, பிறந்த வீட்டில் புதைத்த நஞ்சுக்கொடியை எடுத்து உடுத்திக்கொண்டு முன்னோரிடம் போகவேண்டும். ஆண்குழந்தையுடையது நடுத்தூணடியில், பெண்குழந்தையுடையது பெற்றோர் கட்டிலடியில் இருக்கும். வழியில் கம்பளிப்பூச்சி மலை வரும், அதைத் தாண்ட நார்ச்செருப்பு போட்டு அனுப்புவார்கள்.

அந்த வழி அண்மைக் காலத்தில் இன்னும் நீண்டது. லாவோசில் அமெரிக்க உளவு நிறுவனம் 1961 முதல் வாங் பாவோ தலைமையில் ஹ்மோங் படை திரட்டியது. 1975 மே மாதம் லோங் செங் தளம் வீழ்ந்ததும் குடும்பங்கள் மேக்கோங் நதியைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு ஓடின. பான் வினாய் போன்ற முகாம்களில் பிறந்ததுதான் கதைத்துணி: விமானம், எரியும் வீடு, மூங்கில் தெப்பத்தில் தாயும் பிள்ளையும். பாவாடையில் கோடாக இருந்த ஆறு இங்கே ஆளோடு வருகிறது. இன்று அமெரிக்காவில் ஹ்மோங் மக்கள் 3 லட்சத்துக்கு மேல். மினசோட்டாவின் செயின்ட் பால் அவர்களுக்குத் தலைநகர் மாதிரி. அங்கே சாவுச் சடங்கு வார இறுதி முழுவதும் நீள்கிறது. செயின்ட் பாலிலிருந்து முகாமுக்கும், முகாமிலிருந்து லாவோஸ் மலையூருக்கும் பாட்டு திரும்பி நடக்கிறது. அகதி வரலாற்றை இதைவிடத் துல்லியமாகப் பதிந்த அலுவலகக் கோப்பு எங்கும் இருக்க வாய்ப்பில்லை.

சீனம் பழம்பாடல்களை 2006இலும் மாஷான் பகுதியின் யாலுவாங் காவியத்தை 2011இலும் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. பொலார்டின் எழுத்து 2012இலும் ஷோங் லூ யாங்கின் எழுத்து 2014இலும் யூனிகோடில் இடம்பெற்றன. நல்ல காரியங்கள்தான். ஆனால் குழலைக் கற்கும் அமெரிக்கப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டுமொழி ஆங்கிலமாகிவிட்டது. விரல் பழகிவிடுகிறது, சுழற்சியும் வந்துவிடுகிறது, மேடையில் கைதட்டும் கிடைக்கிறது. சாவு வீட்டுக்கு அது போதாது. அங்கே வாசிப்பவருக்கு ஒவ்வொரு சுரத்தின் சொல்லும் தெரிந்திருக்கவேண்டும். வழி சொல்கிறவருக்கு இறந்தவர் வாழ்ந்த ஊர்களின் பெயர்களும் தெரிந்திருக்கவேண்டும்.