பணம் அனுப்பும் கட்டணமும் உச்சவரம்பும்

(திருவனந்தபுரம் வலியசாலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

ஓரிடத்தில் ஈட்டிய பொருளை மற்றோரிடத்திலுள்ள குடும்பத்திற்குச் சேர்ப்பிக்க என்ன செலவாகிறது என்னும் வினா வலியசாலைக்குப் புதிதன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டபோது கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கேரளத்தில் நின்றன. உறவும் நிலமும் எல்லைக்கு அப்பால், தொழிலும் வருவாயும் இப்பால் என்ற நிலை பலருக்கு உண்டாயிற்று. அருகிலுள்ள சாலைக் கடைவீதியின் வாணிகமும் நாகர்கோவிலோடு பின்னிப் பிணைந்ததேயாகும்.

இந்தியாவில் மணியார்டர் முறை 1880இல் தொடங்கியது. 2015இல் பழைய தாள்வழி மணியார்டர் நிறுத்தப்படும் வரை, ஒவ்வொரு 20 ரூபாய்க்கும் 1 ரூபாய் தரகு என்பதே வழக்கிலிருந்த விகிதம். உச்சவரம்பான ரூ.5,000 அனுப்ப ரூ.250 செலவாயிற்று. நூற்றுக்கு ஐந்து என்பது ஏழைக்குப் பாரமே. எனினும் அக்கட்டணத்திற்கு ஈடாக ஓர் அஞ்சல்காரர் வீட்டு வாசலுக்கே வந்து பணத்தை எண்ணிக் கொடுத்தார் என்பதை மறத்தல் நேர்மையன்று.

அதே ரூ.5,000ஐ இன்று வங்கிக் கிளைக்குச் சென்று 'நெஃப்ட்' முறையில் அனுப்பினால், வங்கி வசூலிக்கக்கூடிய உச்சக் கட்டணம் ரூ.2.50, அதன்மேல் வரி. ரூ.10,000க்கு மேல் 1 லட்சம் வரை ரூ.5, 2 லட்சம் வரை ரூ.15, அதற்கு மேல் ரூ.25. கைப்பேசி வழியாகவோ இணைய வழியாகவோ அனுப்பும் சேமிப்புக் கணக்கினருக்கு 2020 ஜனவரி முதல் இக்கட்டணம் இல்லை. ஆக, கட்டணம் யார்மீது விழுகிறது? கைப்பேசியைக் கையாள அறியாத முதியவர்மீது. தொகை சிறிதுதான், ஆனால் வசதி குறைந்தவர் செலுத்தவும் வசதி மிக்கவர் விலக்குப் பெறவும் அமைந்த ஒழுங்கு இது என்பதை அலுவலர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

2016இல் அறிமுகமான யு.பி.ஐ. முறையில் 2024ஆம் ஆண்டில் சுமார் 17,200 கோடிப் பரிமாற்றங்கள் நடந்தன. பயன்படுத்துவோருக்கு இது இலவசம். வணிகரிடம் வசூலிக்கும் தள்ளுபடிக் கட்டணமும் 2020 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது. ஆயினும் கணிப்பொறிகளும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் இலவசமாகக் கிடைப்பவை அல்ல. அச்செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்யவே, சிறு வணிகர் பெறும் ரூ.2,000 வரையிலான தொகைகளுக்கு 0.15 விழுக்காடு ஊக்கத்தொகை வழங்க, 2024-25ஆம் ஆண்டிற்கு மத்திய அரசு ரூ.1,500 கோடி ஒதுக்கியது. அனுப்புவோர் செலுத்தாததை வரி செலுத்துவோரும் வங்கிகளும் ஏற்கின்றனர் என்பதே பொருளியல் உண்மை.

உச்சவரம்பின் நோக்கம் வேறு. யு.பி.ஐ.யில் ஒருவர் மற்றொருவருக்கு நாளொன்றுக்கு அனுப்பக்கூடியது பொதுவாக ரூ.1 லட்சம், வங்கிகள் இதனினும் குறைவாக வரையறுக்கலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 24 மணி நேரத்தில் ரூ.5,000 மட்டுமே. திருடப்பட்ட கைப்பேசியால் விளையும் இழப்பை இவ்வரம்பு குறுக்குகிறது. மருத்துவமனை, கல்வி நிலையம் ஆகியவற்றுக்குச் செலுத்தும் வரம்பை 5 லட்சமாக உயர்த்த 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கி முடிவு செய்தது பொருத்தமே. நோயாளியின் அவசரத்திற்கு நாள் வரம்பு தெரியாதல்லவா! மொத்த வணிகர் 'ஆர்.டி.ஜி.எஸ்.' முறையை நாடலாம். அதற்குக் கீழ்வரம்புதான் உண்டு, அது ரூ.2 லட்சம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கணக்கு இவ்வளவு வெளிப்படையாக இல்லை. ரிசர்வ் வங்கியின் 2023-24ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாட்டிற்கு வந்த இத்தகைய தொகையில் கேரளத்தின் பங்கு 19.7 விழுக்காடு, தமிழ்நாட்டின் பங்கு 10.4. அனுப்பும் செலவை 2030க்குள் 3 விழுக்காட்டிற்கும் கீழே கொணர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்குகளுள் ஒன்று. ஆனால் அறிவிக்கப்படும் கட்டணம் செலவின் ஒரு பகுதியே. எஞ்சியது நாணய மாற்று விகிதத்தில் மறைந்து நிற்கிறது. 2,000 திர்ஹம் அனுப்புபவருக்குத் திர்ஹத்திற்குப் பத்துப் பைசா குறைத்துக் கொடுத்தால், ரசீதில் காணாமலே ரூ.200 கழிந்துவிடும். எனவே கட்டணம் எவ்வளவு என்று கேட்பதைவிட, ஊரில் எத்தனை ரூபாய் கைக்கு வரும் என்று கேட்பதே பயன் தரும். இந்த விடை ஒவ்வொரு நிறுவனத்தின் முகப்பிலும் எழுதி வைக்கப்பட வேண்டும்.