காற்றறிந்து பாய் கட்டுதல்



கோடைக்காலத்துப் பிற்பகலில் தாம்பரம், பல்லாவரம், மீனம்பாக்கம் முதலிய இடங்களில் வசிப்போர் கடற்காற்றை எதிர்பார்த்துக் கீழ்ப்புறத்து ஜன்னல்களைத் திறந்து வைப்பது வழக்கம். அக்காற்று வந்தால் உடல் குளிரும். வாராவிடில் இரவிலும் புழுக்கம் தீராது. அவர்களுக்கு அது சௌக்கியத்தைப் பற்றிய விஷயம். தாம்பரத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தூரத்தில், கொட்டிவாக்கம் முதல் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், கானத்தூர், கோவளம் வரையிலுள்ள கடலோர மீனவருக்கோ அதே காற்று ஜீவனத்தைப் பற்றியது; சில வேளைகளில் உயிரையே பற்றியது. பாய் விரித்துக் கடலில் சென்றவனைக் கரை சேர்த்தது அக்காற்றே.

இன்று இக்கரையில் பாய் விரித்த கட்டுமரத்தைக் காண்பது அரிது. 1980ஆம் ஆண்டுகளில் இன்ஜின்கள் பரவத் தொடங்கின. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் பைபர் படகுகள் பெருகின. ஆயினும் இன்ஜின் நின்றுவிட்ட படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் முன்போலவே அடிமையாகும். ஆகையால் பாயைப் பற்றிய அறிவைக் கைவிடுவது நலமன்று. அவ்வறிவின் சாரம் ஒன்றே: பாயின் அழகையும் பெருமையையும் பாராது, ஊர்க்காற்றையும் பருவத்தையும் பார்த்தே பாய் தேர்ந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, இக்கரையின் காற்றுகளை அறிய வேண்டும். கரையானது ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. சித்திரை முதல் ஆனி வரையில் விடியற்காலையில் நிலத்திலிருந்து மேல்காற்று வீசும். வெயில் ஏறி நிலம் சூடாகும்போது அதன் மேலுள்ள காற்று இலேசாகி எழும்ப, நண்பகலுக்குப்பின் கடலிலிருந்து தென்கிழக்குக் காற்று உட்புகும். காலையில் மேல்காற்றை முதுகில் வாங்கிக் கடலேறுவதும், பிற்பகலில் கடற்காற்றைப் பின்புறத்தில் சாய்வாக வாங்கிக் கரை திரும்புவதும் இந்த ஒழுங்கினால் அமைந்தவை. ஐப்பசி முதல் மார்கழி வரையில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். மழையும் திடீர்ச் சுழற்காற்றும் கூடவே வரும். பங்குனியில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து கரையோரமாகவே செல்லும். நீரோட்டமும் இவ்வாறே மாறுகின்றது: கோடையில் வடக்கு நோக்கியும், வாடைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும்.

இரண்டாவது, பாயின் உருவம். குறுக்கே விரிக்கும் சதுரப்பாய் பின்காற்றில் நன்றாய் இழுக்குமேயன்றி, காற்று முன்பக்கம் திரும்பினால் பயன்படாது. கட்டுமரத்துக்கு முக்கோணப்பாய் ஏற்பட்ட காரணம் இதுவே. அது பக்கக்காற்றிலும் இழுக்கும். காற்றை நோக்கி ஓரளவு சாய்ந்தும் செல்லும். நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாயும் செல்லாது. குறுக்கும் மறுக்குமாகத் திருப்பித் திருப்பியே முன்னேற வேண்டும். கட்டுமரத்துக்கு ஆழ்ந்த அடிப்பாகம் இல்லாமையால் பக்கக்காற்று அதனைச் சரித்துத் தள்ளிவிடும். இதற்காகவே காற்றொதுங்கிய பக்கத்தில் ஒரு பலகையை நீருக்குள் செங்குத்தாக இறக்க வேண்டும். பலகையில்லாத பாய் பாதிப் பாயே.

மூன்றாவது, பாயின் அளவு. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின்மீது விழும் தாக்குதல் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றில் சுகமாய் இழுத்த பாய், 30 கிலோமீட்டர் காற்றில் நான்கு பாய்களின் பாரத்தை ஏற்றுகின்றது. அப்போது பழைய பாரமே வேண்டுமாயின் கால் பங்கு பாயே போதும். அன்றியும், பாய் உயர உயர மரத்தைக் கவிழ்க்கும் விசையும் அதிகரிக்கும். ஆதலின் இளங்காற்றுக்கு உயர்ந்த பெரும்பாயும், வாடைக்குத் தாழ்ந்த சிறுபாயும் தகுதியாகும்.

பிற கரைகளிலும் காற்றுக்கேற்றபடியே ஏற்பாடுகள் தோன்றின. பாக் ஜலசந்தியின் வத்தை என்னும் படகுகளில் குறுக்கே நீண்டதொரு பலகை உண்டு; காற்று வலுத்தபோது ஆட்கள் அதன் காற்றுப்பக்கத்து நுனியில் சென்று அமர்ந்து படகைச் சமன்செய்தனர். இலங்கையில் ‘ஒரு’ எனப்படும் ஓடத்தில் பக்கக்கட்டை எக்காலும் காற்றுவரும் பக்கத்திலேயே இருக்கும். திசை மாற வேண்டுமாயின் ஓடத்தைத் திருப்பாமல் முன்னணியத்தைப் பின்னணியமாக மாற்றிக்கொள்வர். சென்னை மீன்வள இலாகாவின் டைரக்டராயிருந்த ஜேம்ஸ் ஹார்னல் இவ்விதப் படகுகளைக் குறித்து விரிவாக எழுதியுள்ளார். சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றிய மசூலாப் படகுகளோ துடுப்பினாலேயே சென்றன. கரையலையைக் கடப்பதற்குப் பாய் உதவாது என்பதை அத்தொழிலாளர் அறிந்திருந்தனர்.

இனி ஓர் உதாரணம். ஆனி மாதத்தில் இருவர் கோவளத்திலிருந்து ஒரே பெரும்பாயுடன் கடலேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அன்று மேல்காற்று ஓயவில்லை, கடற்காற்று வரவில்லை. வலையில் மீன் இருக்கிறது. கரை கண்ணுக்குத் தெரிகிறது. பாயை விரித்தாலோ மரம் கிழக்கே ஒதுங்குகிறது. தொங்கிப் புடைக்கும் பழம்பாய் எதிர்க்காற்றில் இழுக்காது. மரத்தைத் தள்ளவே செய்யும். அவ்வேளையில் பாயைத் தட்டையாக இழுத்துக் கட்டிப் பலகையை இறக்கிச் சாய்ந்து செல்ல வேண்டும். அது இயலாதாயின் பாயையும் பாய்மரத்தையும் இறக்கி, ஆழம் குறைந்த இடத்திலேயே நங்கூரமிட்டு, காற்றுத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். நாழிகை கழித்து நங்கூரமிட்டால் கயிறு தரையை எட்டாது. முதல் நாழிகையிலேயே முடிவு செய்தவன் வீடு திரும்புகிறான்.

வாடைக் காலத்தில் ஆபத்து வேறுவிதம். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து தெற்கே தள்ளும். கோவளத்துப் படகு மாமல்லபுரத்துப் பக்கம் ஒதுங்காதிருக்க வேண்டுமாயின் முதலில் வடக்கே ஏறி வலையிட வேண்டும். திரும்புகையில் பின்காற்று விரைவாகத் தள்ளும். கரையலையை அணுகுமுன்னரே பாயை இறக்கித் துடுப்பைப் பிடிக்க வேண்டும். ஊறிய மரத்தையும் கரையில் அவிழ்த்து உலர்த்துதல் அவசியம். நீரேறிய மரத்துக்கு எந்தப் பாயும் போதாது.

இரண்டு பாய் வைத்துக்கொள்ள ஏழை மீனவனுக்கு முதல் ஏது என்று கேட்கலாம். அதற்கு விடை கூட்டுறவே. அன்றைய சென்னை மாகாணத்தில் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டும் அறிக்கையை வெளியிட்ட ஸர் பிரெடரிக் நிக்கல்ஸனே பின்னர் மீன்பிடி தொழிலின் விருத்தியையும் மேற்கொண்டார் என்பது நினைக்கத்தக்கது. மாகாணத்தின் முதல் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டில் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் ஏற்பட்டது. உழவனுக்கு விதையும் எருவும் போன்றவையே மீனவனுக்குப் பாயும் கயிறும். ஒருவன் தனியே வாங்கும்போது வியாபாரி சொன்னதே விலை. சங்கம் மொத்தமாகத் துணியும் கயிறும் வாங்கினால் விலை தணியும். சிறுபாய்களைச் சங்கமே வைத்திருந்து பருவத்துக்கு வாடகையாகக் கொடுப்பதும் கூடும்.

இன்ஜின் படகுக்கும் இது பொருந்தும். ஒரு சிறுபாய், ஒரு குட்டைப் பாய்மரம், ஒரு பலகை, இரண்டு துடுப்பு ஆகியவற்றைப் படகில் வைத்திருந்தால், இன்ஜின் நின்ற வேளையில் மனிதர் கடலில் வீணே மிதக்க நேராது. காற்று சாதகமான நாளில் எண்ணெய்ச் செலவும் குறையும். வானிலை இலாகாவும், ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் மீனவர்க்கு வெளியிடும் எச்சரிக்கைகளைக் கேட்ட பின்னரே கடலேற வேண்டும். புயல் எச்சரிக்கை உள்ள நாளுக்கு ஏற்ற பாய் எதுவுமில்லை; அன்று கரையிலிருப்பதே அறிவுடைமை.

பெரும்பாய் வைத்திருப்பது பெருமையன்று. மாலையில் படகு கரையேறுவதும், வீட்டார் கவலையின்றி அடுப்பு மூட்டுவதுமே பெருமையாகும். காற்றை மனிதன் மாற்ற இயலாது. பாயை மாற்ற இயலும்.