அவர் வராவிட்டாலும் நீங்கள் போங்கள்

(திருத்தணியில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

எனக்கு மைக்கில் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க வீட்டுக்காரர் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டினவர். பதினோரு வருஷம் குடித்தார். பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் என்று சொல்லி நான் குழுவில் வாங்கிய உள்கடனில் பாதி, அவர் குடித்த கடனை அடைக்கப் போனது. தீர்மான நோட்டில் கல்விக் கடன் என்றுதான் இருக்கும். அது பொய். கடனைக் கட்டி முடித்துவிட்டேன், ஆனாலும் இன்றைக்குத்தான் உங்க முன்னால சொல்றேன்.

செய்யாத வைத்தியம் இல்லை. மலையில் மொட்டை போட்டோம், கயிறு கட்டினோம். யாரோ கொடுத்த மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தேன். இதை மட்டும் யாரும் செய்யாதீங்கம்மா. டைசல்ஃபிரம் என்று அதற்குப் பேர். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டும், உயிரே போகலாம். டாக்டர் சொல்லி, அவருக்கும் தெரிந்துதான் சாப்பிட வேண்டும். அன்று ராத்திரி அவர் பிழைத்தது பெரிய விஷயம்.

இன்னொன்று. தினமும் நிறையக் குடிக்கிறவரை ரூமில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று வரும். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கூட்டம்.

எந்தக் கூட்டம் என்று கேட்பீங்க. ஏ.ஏ. கூட்டம் என்பார்கள். 1935இல் அமெரிக்காவில் பில் என்கிற ஒருவரும் பாப் என்கிற டாக்டரும் ஆரம்பித்தது. இரண்டு பேருமே குடியில் அழிந்து எழுந்தவர்கள். குடித்தவன் சொன்னால்தான் குடிக்கிறவன் காதில் ஏறும் என்று கண்டுகொண்டார்கள். பில்லின் மனைவி லோயிஸ், வீட்டு ஆட்களுக்காக 1951இல் அல்-அனான் என்று தனியாக ஆரம்பித்தார். நம்ம சென்னையிலும் சாந்தி ரங்கநாதன் அம்மா, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்துவிட்டு, 1980இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார்.

எட்டு மாசம் இவரைக் கூப்பிட்டேன், வரவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸம்மா, "நீ முதலில் போம்மா" என்றார்கள். குடிக்கிறது அவர், நான் எதுக்குப் போகணும் என்று கோபம் வந்தது. ஆனாலும் ரயில் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் நம்ம குழுக் கூட்டம் மாதிரியே இருந்தது. வட்டமாக உட்கார்ந்து ஒருத்தர் பேச மற்றவங்க கேட்கிறாங்க. ஆனா வருகைப் பதிவு இல்லை, சேமிப்பு இல்லை, கட்டணம் இல்லை. ஒரு பை சுற்றி வரும், இஷ்டப்பட்டால் போடலாம். முழுப்பேர் கேட்கவில்லை. சாமி பேச்சு வந்தது, எந்தச் சாமி என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு அம்மா குழம்பில் மாத்திரை கலந்த கதையைச் சொன்னார். நான் வாயைத் திறக்காமலே அழுதேன்.

அவர் குடிப்பதற்கு நான் காரணம் இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. வந்த பிறகு தறிக்காரரிடம் "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வதை நிறுத்தினேன். அவர் கடனையும் அடைக்கவில்லை. முதலில் சண்டைதான். (அடி, உதை இருக்கிற வீட்டில் பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க, 181க்குப் போன் பண்ணுங்க.) வேலை போனபிறகு அவரே, "அங்க என்னதான் பேசுறீங்க?" என்று கேட்டார்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்காம இரு" என்பதுதான் அவர் அங்கே கேட்ட முதல் பேச்சு. நம்ம மலைக்கு 365 படி, ஒரு நாளைக்கு ஒரு படி. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவில் படிக்கு ஒரு பாட்டுப் பாடித்தானே ஏறுகிறோம்? அது மாதிரி இருக்குது என்று அவரே சொன்னார். நடுவில் இரண்டு தடவை வழுக்கினார். திரும்பப் போனார். யாரும் திட்டவில்லையாம். இப்போது நாலு வருஷம் ஆகிறது.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று தெரிய, 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்க. பெரிய அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் கேட்கலாம். தமிழா தெலுங்கா என்றும் சொல்லுங்க. 1960 வரைக்கும் சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர், நம்மில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்குதானே. திறந்த கூட்டமா என்று கேட்டுக்குங்க, அதற்குத்தான் வீட்டு ஆளும் போகலாம். மூடிய கூட்டம் குடியை விட நினைக்கிறவங்களுக்கு மட்டும். கிழமையும் நேரமும் மாறும், கிளம்பும் முன் ஒரு போன் போடுங்க. தூரம் என்றால் செல்போனிலேயே நடக்கிற கூட்டமும் உண்டு. முதல் தடவை பிடிக்காவிட்டால் வேறு கூட்டம் போய்ப் பாருங்க.

வருகிற ஞாயிறு காலை ரயிலில் நான் போகிறேன். வர்றவங்க இங்கே கை தூக்க வேண்டாம். டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து சொன்னால் போதும்.