பந்தும் பாடமும்



அமெரிக்காவின் வடகிழக்கில் சிறு கல்லூரிகள் சில 1971-ல் ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பை அமைத்தன. இன்று அதில் 11 கல்லூரிகள். அவற்றுள் ஒன்றான வில்லியம்ஸில் மாணவர்களே சுமார் 2,000 பேர்தாம். அக்கல்லூரியும் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியும் அமெரிக்கக் கால்பந்தில் முதன்முதலாக மோதியது 1884-ல்! 1859-ல் இவ்விரண்டும் பேஸ்பால் ஆடியபோது, கூடவே சதுரங்கப் போட்டியும் நடத்தின. உடலும் அறிவும் ஒரே களத்தில்!

இக்கல்லூரிகளில் ஆட்டத் திறமைக்கென்று ஒரு காசும் உதவித்தொகை கிடையாது. பெரும்பாலும் குடும்பத்தின் வசதியைப் பார்த்தே உதவி. ஆட்டக்காரனும் மற்றவர்களோடு பரீட்சை எழுதித்தான் தேற வேண்டும்.

குறையே இல்லையா? உண்டு. கல்லூரியில் இடம் கொடுக்கும்போது ஆட்டக்காரருக்குச் சலுகை காட்டப்படுவதை 2003-ல் வந்த ஓர் ஆய்வு நூல் சுட்டிக்காட்டியது. சலுகை எங்கே நுழைந்தாலும் கண்காணிப்பு வேண்டும்!

வணிகர்களே! கோப்பைக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள், நல்லது. அந்தப் பையன் கல்லூரிக் கட்டணம் கட்டிவிட்டானா என்றும் கேளுங்கள். இளைஞர்களே! கால் ஒடிந்தால் ஆட்டம் நின்றுவிடும். படித்த படிப்பு நிற்காது, கடைசிவரை கூட வரும்!