இழை அறுந்தால் தறி நிற்க வேண்டும்: மென்பொருள் குழுக்களில் லீனும் அஜைலும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் சிலர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது. பயப்படாதீங்க. சாப்பாட்டு மணிக்கு முன்னால் முடிச்சிடறேன். படம் காட்டும் கருவி எதுவும் கொண்டுவரவில்லை, வாய்ப்பேச்சுதான்.

கம்ப்யூட்டருக்குப் போவதற்கு முன்னால் ஒரு தறியைப் பார்த்துவிட்டுப் போவோம். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் 1924-ல் ஒரு தானியங்கித் தறியை முடித்தார். அதில் பாவு நூல் ஒன்று அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். இதிலென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நெசவு தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகள் இங்கே இருந்தால் அவர்களைக் கேளுங்கள். அறுந்த இழையோடு தறி ஓடினால் ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் கெட்ட துணிதான் விழும். தறி தானே நிற்கும் என்றால், ஒவ்வொரு தறிக்கும் ஒரு ஆள் காவல் நிற்க வேண்டியதில்லை, ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தறியின் உரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பம்தான் பிறகு கார் செய்ய வந்தது. தறியில் இருந்த புத்தி காருக்கும் போயிற்று.

கார்த் தொழிற்சாலையில் அதை வளர்த்தவர் டாயிச்சி ஓனோ. 1956-ல் அமெரிக்கா போனவர், அங்கே சூப்பர்மார்க்கெட்டில் கண்ட வழக்கத்தைத் தன் முறைக்குச் சான்றாகச் சொன்னார். வாங்குபவர் எடுத்த இடத்தை மட்டும் கடைக்காரர் நிரப்புகிறார், முன்கூட்டியே குவிப்பதில்லை. தொழிற்சாலையிலும் பின்னால் இருப்பவர் கேட்டால்தான் முன்னால் இருப்பவர் செய்ய வேண்டும் என்றார் ஓனோ. கேட்பதற்கு ஒரு அட்டை, அதன் பெயர் கன்பான். வீண் வேலைகளை ஏழாகப் பிரித்து எழுதிய அவர், அவற்றுள் மோசமானது தேவைக்கு மேல் செய்து குவிப்பதுதான் என்றார். இந்த முறைக்கு 'லீன்' என்ற பெயரை ஜப்பானியர் வைக்கவில்லை. ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர் 1988-ல் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் அது.

இனி நம்ம தொழிலுக்கு வருவோம். தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று படிப்படியாக இறங்கும் அருவி முறையை நீங்கள் இரண்டாம் வருஷத்திலேயே படித்திருப்பீர்கள். அந்தப் படத்தை 1970-ல் வரைந்தவர் வின்ஸ்டன் ராய்ஸ். இப்படியே நேராகச் செய்தால் ஆபத்து என்று அதே கட்டுரையில் அவரே எழுதினார். உலகம் படத்தை எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது! 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் 17 பேர் கூடி 'அஜைல்' அறிக்கையை எழுதினார்கள். சிறிது சிறிதாகச் செய்து கொடு, கேட்டவரிடம் காட்டு, மாற்றத்துக்கு இடம் வை என்பது அதன் சாரம். 2003-ல் மேரி, டாம் பாப்பென்டீக் தம்பதி லீன் முறையை மென்பொருளுக்குப் பொருத்தி ஒரு புத்தகம் எழுதினார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

தொழிற்சாலையில் பாதி செய்த கார் நின்றால் கண்ணுக்குத் தெரியும், காலில் இடிக்கும். மென்பொருளில் பாதி செய்த வேலை எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டருக்குள் சத்தமில்லாமல் படுத்திருக்கிறது. எழுதி முடித்துச் சோதனைக்குக் காத்திருக்கும் நிரல், சோதனை முடிந்து அனுமதிக்குக் காத்திருக்கும் நிரல், யாரும் திறந்து பார்க்காத 200 பக்கத் தேவை ஆவணம், எல்லாமே சரக்கு அறையில் தூசி படியும் சரக்குதான். கணக்கும் எளிது. ரேஷன் கடையில் உங்களுக்கு முன்னால் 40 பேர், மணிக்கு 20 பேருக்குச் சாமான் போடுகிறார்கள் என்றால் 2 மணி நேரம் நிற்க வேண்டும். இதைத்தான் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தார். வரிசையில் நிற்கும் எண்ணிக்கையைக் குறைக்காமல் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் வேகத்தைக் கூட்ட வேண்டும். வேகத்தைக் கூட்டுவது என்றால் நம் மேலாளர்களுக்குத் தெரிந்த வழி சனிக்கிழமை வரச்சொல்வது. வரிசையைச் சிறிதாக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

தோன்றிய இடம் ஒன்றைச் சொல்கிறேன். 2004-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உள் உபயோக மென்பொருள்களைப் பராமரிக்கும் ஒரு சிறு குழு ஹைதராபாத்தில் இருந்து வேலை செய்தது. நிரல் எழுத மூன்று பேர், சோதிக்க மூன்று பேர். நிலுவையில் 80-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள். ஒரு சின்ன மாற்றம் கேட்டால் கைக்கு வர ஏறத்தாழ ஐந்து மாதம். எல்லாரும் திட்டினார்கள். குழுவைப் பொறுப்பேற்ற டிராகோஸ் டுமிட்ரியு, டேவிட் ஆண்டர்சன் என்பவரிடம் யோசனை கேட்டார். இருவரும் பார்த்தபோது என்ன தெரிந்தது தெரியுமா? புதுக் கோரிக்கை வரும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று 48 மணி நேரத்துக்குள் மதிப்பீடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எழுதுபவர் ஒருவருக்கும் சோதிப்பவர் ஒருவருக்கும் ஒரு நாள் போச்சு. குழுவின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மதிப்பீட்டிலேயே கரைந்தது. மதிப்பிட்டவற்றில் பல கடைசிவரை செய்யப்படவே இல்லை!

அவர்கள் மதிப்பீட்டை நிறுத்தினார்கள். ஒரே சமயத்தில் கையில் எடுக்கும் வேலைக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். கேட்கும் துறைகளின் மேலாளர்கள் வாரம் ஒருமுறை பேசி, காலியான இடத்துக்கு எது வரவேண்டும் என்று மட்டும் முடிவு செய்தார்கள். நிரல் எழுதும் முறையை மாற்றவில்லை, முதல் மாற்றங்களுக்கு ஒரு ஆளைக்கூடக் கூட்டவில்லை. சுமார் ஒன்பது மாதத்தில், ஐந்து மாதம் ஆன வேலை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு வந்தது. 'வாடிக்கையாளர் ஒத்துக்கமாட்டார் சார்' என்று இங்கே யாராவது சொல்வீர்கள். நியாயமான சந்தேகம்தான். அங்கே ஒத்துக்கொண்டார்கள், ஏனென்றால் மதிப்பீட்டுத் தாளைவிட முடிந்த வேலைதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆனால் வேலை நேரத்துக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பில் போடும் ஒப்பந்தங்களில் இது சுலபமில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. காத்திருப்பு குறைந்தால் யாருக்கு வருமானம் குறையும் என்று அங்கே முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது என் மனக்குறை. நம்ம ஊர்க் கம்பெனிகளில் பல, அஜைலின் சடங்குகளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கின்றன. காலையில் 15 நிமிஷம் நின்றபடி பேசுவது, ஒருவருக்கு ஒருவர் உதவி கேட்பதற்காக ஏற்பட்ட பழக்கம். அது வருகைப் பதிவாக மாறிவிட்டது. நேற்று என்ன செய்தாய் என்று மேலாளர் கேட்க, பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். குழு தன் திட்டத்துக்காக வைத்துக்கொள்ளும் வேகக் கணக்கை இரண்டு குழுக்களை ஒப்பிட்டுத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். திட்டு வாங்கும் குழு என்ன செய்யும்? ஐந்து புள்ளி வேலையை எட்டு என்று எழுதும். கணக்கு ஏறும், வேலை அப்படியே இருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் அந்தத் தறி. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய தொழிற்சாலையை, டொயோட்டாவோடு சேர்ந்து 1984-ல் திறந்தார்கள். பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்கள்தான். தலைக்கு மேலே ஒரு கயிறு. பிழை கண்டவர் எவராயினும் இழுக்கலாம், குழுத்தலைவர் ஓடி வருவார், உடனே தீராவிட்டால் வரிசையே நிற்கும். முன்பு எதற்காகவும் நிறுத்தக்கூடாது என்று பழகிய ஆட்கள் அவர்கள். கொஞ்ச காலத்திலேயே அங்கே உருவான கார்கள் தரத்தில் ஜப்பானியக் கார்களுக்கு ஈடாக நின்றன. அந்தக் கூட்டுத் தொழிற்சாலை 2010-ல் மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் டெஸ்லா இருக்கிறது.

நம்ம குழுவில் அந்தக் கயிறு யார் கையில் இருக்கிறது? சேர்ந்து ஆறு மாதமான பொண்ணு ஒருத்தி, 'இந்தக் கணக்கு தப்பா வருது, வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம்' என்று சொன்னால் என்ன நடக்கிறது? 'அப்புறம் பார்த்துக்கலாம்மா' என்பார்கள். திங்கட்கிழமை ராத்திரி 2 மணிக்கு அவளையே எழுப்பி அதைச் சரிசெய்யச் சொல்வார்கள். என் வயது நண்பர்கள் பலர் இன்று மேலாளர்கள், இயக்குநர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன், அவள் இழுத்தால் நிறுத்துவீர்களா?

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். கடைசி வருட ப்ராஜெக்டில் நான்கு பேர் இருப்பீர்கள். விடுதி அறைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் மூன்று கட்டம் போடுங்கள்: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. நடுக் கட்டத்தில் இரண்டு சீட்டுக்கு மேல் ஒட்டக்கூடாது. நாலு பேருக்கு ரெண்டு வேலையா என்று கேட்பீர்கள். ஆமாம், ஒருவர் எழுத இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். முடிந்தது என்றால், வழிகாட்டும் ஆசிரியர் முன்னால் ஓடிக் காட்டியது மட்டும்தான். 15 நாளுக்கு ஒருமுறை அவரிடம் காட்டுங்கள். ஆசிரியர்களே, அவர்கள் வந்தால் மாதக் கடைசியில் வா என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வார்டன் சுவரைப் பற்றிக் கேட்டால் என் பெயரைச் சொல்லலாம்.

சாப்பாட்டுக்கூடத்தில் இலை போட்டாயிற்று என்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். கேள்விகளைப் பந்தியில் வைத்துக்கொள்வோம்.