கோப்பை ஏந்தும் கை

விருந்தோம்பல் தமிழருக்கு அறம். இக்கால உலகில் அது பெருந்தொழிலுமாகும். அறமாக இருந்த காலத்தில் விருந்தினரை வரவேற்றவர் வீட்டுக்குரியவர். தொழிலாக மாறியபின் வரவேற்பவர், கூலிக்கு நிற்கும் பரிசாரகர். அவர் முகம் மலர்ந்திருப்பின் கடை செழிக்கும். அவர் உள்ளம் வாடியிருப்பின் கோப்பியின் மணம் மட்டும் கடையைக் காப்பாற்றாது. அங்ஙனமாயின், கோப்பிக்கடை நடத்தும் முகாமையாளர் முதலிற் பார்க்கவேண்டியது கணக்கையா, சரக்கையா, ஆட்களையா? இவ்வினாவுக்கு இந்தியாவிலே தொழிலாளரே ஒரு விடை கண்டனர்.

1936ஆம் ஆண்டிற் பம்பாய் நகரின் சர்ச்கேற் பகுதியில், இந்தியக் கோப்பியைப் பொதுமக்களிடையே பரப்பும் நோக்குடன் ஒரு கோப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. 1940களில் இத்தகைய நிலையங்கள் ஏறத்தாழ ஐம்பதாகப் பெருகின. எழுத்தாளரும் மாணவரும் அரசியலாளரும் அங்கே கூடினர். ஆனால் 1950களின் நடுப்பகுதியில், அவற்றை நடத்திவந்த கோப்பிச் சபை அவற்றை மூடத் தொடங்கியது. பரிசாரகரும் சமையற்காரரும் வேலையிழந்தனர்.

அவர்களிடம் முதல் இல்லை, கட்டடமும் இல்லை. ஆயினும் கோப்பி வடிக்கும் பக்குவம் அவர்கள் கையில் இருந்தது. எந்த வாடிக்கையாளர் எந்த மூலையில் அமர்வார் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். கடையின் உண்மையான உடைமை இதுவே என்பதைக் கண்டுகொண்டவர் கேரளத்துப் பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன். இழந்த வேலையைத் திருப்பிக் கேட்பதோடு நின்றுவிடாது, கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாமே கடை நடத்தும் வழியை அவர் தொழிலாளருக்குக் காட்டினார். 1957 ஓகஸ்ற் 19ஆம் நாள் பெங்களூரில் முதற் சங்கம் உருவாயிற்று. அவ்வாண்டு ஒக்ரோபர் 27ஆம் நாள் புதுதில்லியிலும், 1958 மார்ச் 8ஆம் நாள் கேரளத்துத் திருச்சூரிலும் தொழிலாளரின் கோப்பி ஹவுஸ்கள் திறக்கப்பட்டன.

திருச்சூர்ச் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்றவர் என். எஸ். பரமேசுவரன் பிள்ளை. வேலையினின்று நீக்கப்பட்டவர்களுள் அவரும் ஒருவர், தொழிற்சங்கத்தில் முன்னின்றவர். பின்னாளில் மக்கள் அவரைக் 'கோப்பி ஹவுஸ் பிள்ளை' என்றே அழைத்தனர். இவ்வியக்கத்தின் வரலாற்றை அவர் மலையாளத்தில் நூலாகவும் எழுதினார்.

இத்தகையவரின் நிலைமை எளிதன்று. நேற்றுவரை மேலதிகாரியிடம் சம்பளமும் விடுமுறையும் கேட்டு நின்றவர், இன்று அவற்றைக் கொடுக்கவேண்டிய இடத்தில் அமர்கின்றார். கேட்கும் நியாயம் மாறவில்லை. ஆனால் அதற்கான பணத்தைக் கல்லாவிலிருந்தே காணவேண்டியிருக்கின்றது. கோப்பியின் விலையைக் கூட்டினால், நெடுநாளாக வந்த மாணவர் வராது போவர். கூட்டாது விட்டால் தொழிலாளரின் பங்கு குறையும். இந்த இக்கட்டை அறைக் கதவுக்குப் பின்னால் தீர்க்காமல், உறுப்பினர் முன்னே கணக்கை விரித்துவைத்துத் தீர்ப்பதே கூட்டுறவு முகாமையின் உயிர்.

இன்னொரு சோதனையும் உண்டு. தம்மைத் தெரிவு செய்தவர்களையே முகாமையாளர் கண்டிக்க வேண்டிவரும். ஒருவர் பிந்தி வருவாராயின், அவர் ஏந்தவேண்டிய தட்டத்தையும் சேர்த்து ஏந்துபவர் அருகில் நிற்கும் தோழரே. ஆதலால் மனிதரை முதன்மையாகக் கொள்வது குறைகளைக் கண்டும் காணாது விடுவதாகாது. சிலரிடம் காட்டும் தாட்சண்ணியம் பலருக்கு அநீதியாக முடியலாம். தாமும் ஒருகாலத்தில் மேசை துடைத்தவர் கண்டிக்கும்போது, அக்கண்டிப்பில் இழிவு இராது. அடிநிலையிற் சேர்ந்தவர் படிப்படியாக உயர்ந்து முகாமையாளராகும் முறையின் சிறப்பு இதுவே.

முதலாளர் நடத்தும் நிறுவனங்களும் இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்தன. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் தோன்றிய ஸ்ராபக்ஸ் நிறுவனம், 1988இற் பகுதிநேர ஊழியருக்கும் மருத்துவக் காப்புறுதி வழங்கியது. 1991இல் ஊழியருக்குப் பங்குகளும் அளித்தது. அக்காலத்தில் அத்தொழிலில் இவை அரிய செயல்கள். எனினும், 2021இற் பவலோ நகரத்துக் கடையொன்றின் ஊழியர் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தனர். சலுகை வேறு, சொல்லுரிமை வேறு என்பதை அவ்வாக்கு உணர்த்திற்று. நல்ல முகாமையாளர் சலுகையை மனமுவந்து அளிப்பார். அதனினும் நல்லவர் ஊழியரின் சொல்லுக்கும் இடம் வைப்பார்.

இந்தியாவின் தொழிலாளர் கடைகளும் இடரின்றி வாழவில்லை. பெங்களூரின் மகாத்மா காந்தி வீதியில் நெடுங்காலம் இருந்த கோப்பி ஹவுஸ் 2009இல் அவ்விடத்தை இழந்தது. அண்மையிலுள்ள சேர்ச் வீதிக்குச் சென்று மீண்டும் அடுப்பை மூட்டியது. இடம் போனபோதும் கடை போகவில்லை. கடை என்பது சுவரன்று, அதில் நிற்கும் மனிதரே என்று 1957இல் வேலையிழந்தோர் கொண்ட நம்பிக்கை, அரை நூற்றாண்டின் பின்னும் பொய்க்கவில்லை.

விருந்தினரை வரவேற்கும் தொழிலிற் புகும் இளைஞர், கணக்கியலையும் விற்பனை முறைகளையும் கற்கத்தான் வேண்டும். அவற்றோடு ஒரு நாளேனும் தட்டத்தை ஏந்தி, மாலைவரை நின்று பார்ப்பாராக. நின்று களைத்த காலின் நோவை அறிந்தவருக்கே, அமர்ந்து ஆணையிடும் தகுதி உண்டு.